காந்தப் பெட்டி: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு ஒன்பது. இருவரும் காந்தத்தை வைத்துப் பரிசோதனை செய்து பார்க்க ஆசைப்படுகிறார்கள். ஆன்லைனில் தேடினால் 216 குட்டிக் காந்த உருண்டைகள் கொண்ட பெட்டிதான் முதலில் வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மகனுக்காகக்கூட வேண்டாம். அந்த உருண்டைகள் நியோடிமியம் காந்தங்கள். 5 மில்லிமீட்டர்தான் இருக்கும், ஆனால் இழுவை மிக அதிகம். ஒரு குழந்தை இரண்டை விழுங்கிவிட்டால், குடலின் ஒரு மடிப்பில் ஒன்றும் அடுத்த மடிப்பில் இன்னொன்றுமாக நின்று, நடுவிலுள்ள குடல் சுவரை நசுக்கிக்கொண்டு ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டு ஓட்டை விழலாம். ஆரம்பத்தில் சாதாரண வயிற்றுவலி, வாந்தி போலத்தான் தெரியும். விழுங்கியிருப்பதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். தானாக வெளியே வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். மூக்குத்தி போல ஒட்டவைத்து விளையாடும் பெரிய பிள்ளைகளும் விழுங்கிவிடுகிறார்கள்.

வாங்க வேண்டியது இரண்டு சட்டக் காந்தங்கள், முடிந்தால் ஒரு லாடக் காந்தம். ஃபெரைட் எனப்படும், இழுவை குறைந்த சாதாரணக் காந்த வகை போதும். வாய்க்குள் போக முடியாத அளவில் இருக்கட்டும். பிளாஸ்டிக் உறை போட்டதாக இருந்தால் கையில் எடுத்துத் திருகிப் பாருங்கள். சில மலிவான சட்டங்களுக்குள்ளே சின்னக் காந்தத் துண்டுகளை வைத்து மூடியிருப்பார்கள், உறை பிளந்தால் அவை வெளியே விழும். ஒரே நிற முனைகளை நெருக்கினால் விலக வேண்டும். ஒட்டிக்கொண்டால் நிறத்தை மாற்றிப் பூசியிருக்கிறார்கள் என்று பொருள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. மகளிடம் ஜெம் கிளிப், சாவி, அலுமினியத் தாள், செம்புக் கம்பி, எவர்சில்வர் கரண்டி எல்லாவற்றையும் கொடுத்து, எது ஒட்டும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள், பிறகு சோதிக்கட்டும். எவர்சில்வரில் சில ஒட்டும், சில ஒட்டாது. உலோகக் கலவையும் அதன் உள்ளமைப்பும் பொருளுக்குப் பொருள் மாறுவதுதான் காரணம். 'உலோகம் என்றால் ஒட்டும்' என்ற எண்ணம் உடைகிற அந்த நிமிடத்துக்காகவே இந்தப் பரிசோதனையை நான் முதலில் வைப்பேன்.

கேள்வி: வாங்கிய காந்தப் பரிசோதனைப் பெட்டியில் மின்காந்தம் செய்யும் பகுதி வேலையே செய்யவில்லை. ஆணியில் கம்பி சுற்றி பேட்டரியில் இணைத்தோம், ஒரு குண்டூசிகூட ஒட்டவில்லை. மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: அதற்குமுன் கம்பியின் இரு நுனிகளையும் பாருங்கள். பளபளவென்று செம்பு நிறத்தில் இருந்தாலும், அதன்மேல் மெல்லிய எனாமல் பூச்சு இருக்கும். அது மின்சாரத்தை விடாது. உப்புத்தாளால் நுனிகளை இரண்டு செ.மீ. நீளத்துக்குச் சுற்றிலும் தேய்த்துவிட்டு இணையுங்கள். பல பெட்டிகளின் குறிப்பேட்டில் இதைச் சொல்வதே இல்லை. பிள்ளைகள் தங்களுக்குத்தான் வரவில்லை என்று நினைத்துச் சோர்ந்துபோகிறார்கள்.

கம்பியை ஒரே திசையில் நெருக்கமாகச் சுற்றுங்கள். முதலில் 20 சுற்று, பிறகு 40 சுற்று வைத்து, எத்தனை கிளிப் தூக்குகிறது என்று மகன் எழுதிக்கொள்ளட்டும். 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றே போதும். சில விநாடிகளுக்குமேல் இணைத்து வைக்காதீர்கள், கம்பியும் பேட்டரியும் சூடாகிவிடும். ரீசார்ஜ் செய்யும் பேட்டரி வேண்டாம், சுவர் பிளக் பக்கமே போகக் கூடாது. இணைப்பை எடுத்த பிறகும் ஆணி கிளிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தால் பழுது என்று நினைக்காதீர்கள். எஃகு ஆணியில் காந்தத்தன்மை கொஞ்சம் தங்கிவிடும்.

நுனிகளைத் தேய்த்த பிறகும், புதுப் பேட்டரி போட்டும் ஒட்டவில்லையென்றால் தாராளமாக மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: இரும்புத்தூள் பாக்கெட் தனியாக வாங்கலாமா?

பதில்: சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். கண்ணில் படும், காந்தத்தில் ஒட்டினால் துடைத்து எடுப்பதும் பெரும் பாடு. மூடி ஒட்டிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தூள் அடைத்தே விற்கிறார்கள், அதை வாங்குங்கள். கீழே காந்தத்தை வைத்து மேலே லேசாகத் தட்டினால் முனைக்கு முனை வளைந்த கோடுகள் தெளிவாகத் தெரியும்.