வங்கதேசமாகப் பேசும்போது பாலாற்றை என்ன செய்வது?

தம்பி, தோல் ஆலைக் கழிவால் பாலாறு கெட்ட வாணியம்பாடியில் வளர்ந்த உங்களுக்கு, மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாகப் பேசும் மாதிரி ஐ.நா. மாநாட்டில் வங்கதேசம் வாய்த்திருக்கிறது. தோல் ஆலைகளுக்காக வாதாட மனம் ஒப்பவில்லை என்கிறீர்கள். ஒப்ப வேண்டாம். அங்கே பேசுவது நீங்கள் அல்ல, வங்கதேசம். 'நான் நினைக்கிறேன்' என்று தொடங்கினால் அவைத்தலைவர் முகம் சுளிப்பார். 'வங்கதேசம் கருதுகிறது' என்றே தொடங்குங்கள்.

அந்த நாட்டுக்கும் ஒரு பாலாறு உண்டு. டாக்காவின் ஹசாரிபாக்கில் இருந்த தோல் பதனிடும் ஆலைகள் புரிகங்கை ஆற்றைக் கெடுத்தன. 2017இல் அவற்றைச் சாவாருக்கு மாற்றினார்கள்; அங்கே தலேஷ்வரி ஆறு கெடுகிறது என்ற புகார் கிளம்பியது. இதை மறைக்காதீர்கள். யாராவது எடுத்து வீசுவதற்குள் நீங்களே சொல்லிவிட்டு, மலிவாகத் தோல் வாங்கும் பணக்கார நாடுகள் சுத்திகரிப்புச் செலவில் எவ்வளவு ஏற்கும் என்று கேளுங்கள். பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவில் அல்ல என்கிறது சுற்றுச்சூழல் பற்றிய 1992 ரியோ பிரகடனத்தின் 7ஆம் கோட்பாடு. உங்கள் வாதத்தின் முதுகெலும்பு அதுதான். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்னும் 16ஆம் கோட்பாட்டை எதிர்த்தரப்பு கட்டாயம் எடுக்கும்; பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

பாலாறும் வீணாகாது. இந்தியப் பிரதிநிதி உபதேசம் செய்யத் தொடங்கினால், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்ததை நினைவூட்டி, அதன் பிறகு ஆறு எவ்வளவு தேறியது என்று கேளுங்கள். கேள்வியோடு நிறுத்துங்கள், பிரசங்கம் வேண்டாம்.

கோட்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேலூர் வெயிலில் அரங்கு வாசல்வரை கையில் எடுத்துச் செல்லுங்கள், உள்ளே போய்ப் போட்டுக்கொள்ளலாம்.