கல்லுதான் நல்ல நிலமா?

அன்புள்ள அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

மகளுக்கு நாலு வயது. ஒன்றாம் வகுப்பு வரை வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க நானும் கணவரும் தீர்மானித்திருக்கிறோம். ஒரு வாரத்துக்கு ஒரு வேதாகமக் கதை, அதை ஒட்டியே அறிவியல், கணக்கு, எழுத்து என்று நடத்துகிறேன். வழியோரம், கற்பாறை, முள், நல்ல நிலம் என்று நான்கு இடங்களில் விதை விழுவதாக இயேசு சொன்ன விதைக்கிறவன் உவமைக்காக நான்கு தட்டுகளில் தேங்காய் நார்த்தூள் பரப்பி, ஒன்றில் கல், ஒன்றில் முள் என்று வைத்துக் கடுகு தூவினேன். தினமும் தண்ணீர் தெளித்தோம். நான்கிலும் முளைத்துவிட்டது. கல் தட்டில்தான் முதலில் முளைத்தது! “அம்மா, கல்லுதான் நல்ல நிலம்” என்கிறாள். என்ன பதில் சொல்வது? இன்னொன்று: நூறு வரை ஒப்பிக்கிறாள், ஆனால் ஏழு புளியங்கொட்டை எடுத்து வா என்றால் ஐந்தோ ஒன்பதோ வருகிறது. ‘விதை’ என்று எழுதச் சொன்னால் அழுகிறாள்.

— ஒரு தாய், திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் பார்த்தது சரி. மத்தேயு 13-ஐ இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள்: “மண் ஆழமாயிராததினாலே அது சீக்கிரத்தில் முளைத்தது.” முந்தி முளைத்தது கற்பாறை நிலத்தில் விழுந்த விதைதான். வெயில் ஏறிய பிறகுதான் அது தீய்ந்தது. நீங்கள் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். குழந்தையிடம் “ஆமாம், கல்லில்தான் சீக்கிரம் முளைக்கும் என்று இயேசுவும் சொல்லியிருக்கிறார், மீதியையும் பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு மறுபடி விதையுங்கள்.

நான்கிலும் முளைத்து வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. முளைப்பதற்கு வேண்டிய உணவு விதைக்குள்ளேயே இருக்கிறது. ஈரப் பஞ்சில்கூடக் கடுகு முளைக்கும். முதல் சில நாட்கள் நிலம் எப்படிப்பட்டது என்பது வெளியே தெரியாது. அதற்குப் பிறகும் நார்த்தூள் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டது, நீங்களும் தினமும் தெளித்தீர்கள். தண்ணீர் குறையாத இடத்தில் ஆழமில்லாத மண்ணின் குறை எப்படித் தெரியும்?

கடுகு விதைக்கென்றே இயேசு சொன்ன வேறொரு உவமை உண்டு, கடுகை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் கம்பு நல்லது. தானியம், பறவைகளுக்குப் பிடித்தது, கதிரில் எண்ணிப் பார்க்கலாம். மளிகைக் கடையில் குத்தாத முழுக் கம்பாகக் கேட்டு வாங்குங்கள், குத்திய கம்பு முளைக்காது. விதைக் கடைக் கம்பு வேண்டாம். பெரும்பாலும் அதில் பூஞ்சைக்கொல்லி மருந்து தடவிச் சாயம் ஏற்றியிருப்பார்கள், குழந்தையின் கை அதில் படக்கூடாது. வாங்கியதில் பத்தை எண்ணி ஈரத்துணியில் மூன்று நாள் முடிந்து வையுங்கள். எத்தனை முளைத்தது, எத்தனை முளைக்கவில்லை என்று அவளே பிரித்து வைக்கட்டும். பாதிக்கு மேல் முளைக்காவிட்டால் வேறு கடைக்குப் போங்கள்.

தட்டு உதவாது. ஒரு சாண் ஆழமுள்ள, அடியில் துளையிட்ட நான்கு தொட்டிகள் வேண்டும். மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுஉரம் ஒரு பங்கு. நல்ல நிலத் தொட்டியை இதனால் நிரப்பினால் போதும்.

வழியோரத் தொட்டிக்கு அதே மண்ணை நனைத்து, உலக்கையின் அடியால் இடித்து இறுக்கி, இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். விதையை மேலே தூவுங்கள், மூடக்கூடாது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரோரம் வைத்தால் மைனாவும் புறாவும் பார்த்துக்கொள்ளும். எறும்பு இழுத்துப்போனாலும் நல்லதே.

கற்பாறைத் தொட்டியில்தான் பலரும் தவறுகிறார்கள். வெறும் ஜல்லியைப் போட்டு மேலே மண்ணைத் தூவினால் மண் இடுக்கில் இறங்கிவிடும், வேரும் கூடவே இறங்கி ஈரத்தைக் கண்டுபிடித்துவிடும். ஜல்லியால் நிரப்பி, அதன் மேல் கடப்பாக்கல் துண்டை வைத்து, ஓரங்களைக் களிமண்ணால் அடைத்து, ஒரு சென்டிமீட்டர் மட்டும் மண் பரப்புங்கள்.

முள் தொட்டிக்கு உண்மையான முள் வேண்டாம். முள்ளைக் குத்தி வைத்தால் அது யாரையும் நெருக்காது, வளரும் செடிதான் நெருக்கும். நல்ல மண்ணில் ஒரு மேசைக்கரண்டி கடுகை நெருக்கமாகத் தூவி, ஐந்து நாள் கழித்து அதன் நடுவே கம்பை விதையுங்கள். கம்பு வரும், ஆனால் வெளிச்சத்துக்குத் தவித்து நூல்போல மெலிந்து வரும்.

ஒவ்வொன்றிலும் இருபது விதை. முதல் ஐந்து நாள் நான்குக்கும் ஒரே அளவாக, காலையும் மாலையும் தெளியுங்கள். பிறகு காலையில் மட்டும். பத்தாம் நாளுக்கு மேல், நல்ல வெயில் அடிக்கும் இரண்டு நாள் எதற்கும் தண்ணீர் விடாதீர்கள். மழைக்காலத்தில் இதைச் செய்ய முடியாது. ஐப்பசி கார்த்திகையில் தொடங்கினால் மறுபடியும் கல்தான் ஜெயிக்கும். கல் தொட்டி தலை சாய்ந்ததும் நாற்று உள்ள ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு நாற்றைப் பிடுங்கி, வேரைக் கழுவி, வேர் நீளத்துக்கு நூலை வெட்டி அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள். இந்த நூல் அட்டையே அந்த வாரத்தின் அறிவியலும் அளவைக் கணக்கும். படம் அச்செடுத்து வண்ணம் தீட்டுவதெல்லாம் இதற்கு ஈடாகாது.

செடி வாடும்போது குழந்தை அழலாம். அந்த நேரத்தில் “அம்மா சொல் கேட்காவிட்டால் நீயும் இப்படித்தான்” என்று சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து. இந்த உவமையின் பொருளை இயேசு கூட்டத்துக்கு விரித்துச் சொல்லவில்லை. தனித்திருந்தபோது கேட்டவர்களுக்குத்தான் சொன்னார் என்று மாற்கு 4 சொல்கிறது. அவளும் கேட்கட்டும். கேட்காவிட்டால் உவமை அவளுக்குள் இருக்கட்டும்.

எண்ணைப் பற்றி. நூறு வரை ஒப்பிப்பது பாட்டு, அது கணக்காக மாற நாளாகும். ஏழு தடுமாறினால் ஐந்துக்கு இறங்குங்கள். கொட்டையைத் தொட்டு நகர்த்தி எண்ணட்டும். கையைச் சும்மா வைத்துக்கொண்டு வாயால் மட்டும் எண்ணும்போதுதான் ஒன்று விடுபடுகிறது, ஒன்று இருமுறை வருகிறது. முட்டை அட்டையின் குழிக்கு ஒன்றாகப் போடச் செய்தால் இது சீக்கிரம் சரியாகும். புளியங்கொட்டையும் வாய்க்குப் போகாமல் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். குன்றிமணியும் ஆமணக்கு முத்தும் அழகாக இருக்கிறதே என்று எண்ணக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டுமே கொடிய விஷம், மென்றால் உயிருக்கே ஆபத்து.

எழுத்தைக் கதையோடு கட்டியதுதான் உங்கள் சிக்கல். ‘விதை’ என்ற சொல்லில் வளைவும் சுழியும் கொம்புமாக எல்லாம் வருகிறது, நாலு வயதுக் கைக்கு அது மலை. எழுத்து தன் வழியில் போகட்டும். நேர்கோட்டு எழுத்துகளான ட, ப இரண்டோடு, ஒரு வளைவு மட்டும் உள்ள ம-வையும் சேர்த்துத் தொடங்குங்கள், புள்ளி ஒன்றைச் சேர்த்தால் படம், பட்டம் இரண்டையும் வாசித்துவிடுவாள். முதலில் தாம்பாளத்தில் சலித்த மணலைப் பரப்பி விரலால் எழுதட்டும். அடுத்து மாவு: மைதா இரண்டு கப், தூள் உப்பு ஒரு கப், தண்ணீர் முக்கால் கப், எண்ணெய் ஒரு தேக்கரண்டி. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். உப்பு ஈரத்தை இழுப்பதால் மழை நாளில் மாவு கசியும், அப்போது ஒரு பிடி மைதா சேர்த்துப் பிசைந்து, மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பென்சிலுக்கு அவசரமில்லை. மூன்று சென்டிமீட்டராக உடைத்த கிரேயான் துண்டைக் கொடுங்கள். முழு விரல்களாலும் பிடிக்க இடமில்லாததால் மூன்று விரல் பிடி தானாக வரும்.

நல்ல நிலத் தொட்டியில் நான்கு நாற்றை மட்டும் விட்டு மற்றதைப் பிடுங்கிவிடுங்கள், நெருங்கினால் கதிர் சிறுக்கும். தோட்டத்தில் இடமிருந்தால் மூன்று வாரத்தில் அங்கே ஒரு முழ இடைவெளியில் நட்டுவிடலாம். விதைத்து எண்பது தொண்ணூறு நாளில் கதிர் முற்றும். பால் பிடிக்கும்போதே கதிருக்குப் பழைய வலைத்துணியைக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கிளி மிச்சம் வைக்காது. ஒரு கதிரை உதிர்த்துப் பத்துப் பத்தாகக் கோப்பைகளில் போடச் சொல்லுங்கள். பத்துக் கோப்பை நிறைந்ததும் நூறு. அதற்கு மேலும் தாம்பாளத்தில் நிறைய மிச்சமிருக்கும்.

கர்த்தருக்குள்,
அக்கா