வீட்டில் வளர்க்கும் ஆடு குட்டி போடும்போது நாம் பக்கத்தில் இருக்க வேண்டுமா?

ஆசைக்கு வாங்கி வளர்க்கும் வெள்ளாடு முதல் முறையாகக் குட்டி போடப்போகிறது, கூடவே இருக்க வேண்டுமா, இல்லை அதுவே பார்த்துக்கொள்ளுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருங்கள். கட்டாயம் இருங்கள். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

"காட்டில் திரியும் ஆட்டுக்கு யார் பிரசவம் பார்த்தார்கள்?" என்று உங்கள் வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். என்னிடமும் சொன்னார்கள், இன்னும் சொல்கிறார்கள். அதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். காட்டில் குட்டி செத்தால் கணக்கு வைக்க ஆளில்லை, அவ்வளவுதான். நம் கொட்டிலில் அடைபட்டு, நாம் போட்டதைத் தின்று, நாம் சேர்த்துவிட்ட கிடாவால் சினையான ஆட்டுக்கு நாம்தானே பொறுப்பு?

நான் கால்நடை மருத்துவர் இல்லை. நூற்றுக்கணக்கில் ஆடு வைத்திருப்பவர்கள், ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்திருந்தால் பிழைப்பு என்னாவது என்று கேட்கலாம். அவர்கள் நிலைக்கு அது நியாயம். நான் எழுதுவது வீட்டோடு நாலைந்து ஆடு வைத்திருப்பவர்களுக்கு.

சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். நாலைந்து நாள் முன்பின் ஆகலாம். மடி பெருப்பதை மட்டும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம், சில ஆட்டுக்கு வாரக்கணக்கில் முன்பே மடி இறங்கிவிடும், சிலதுக்குக் குட்டி வந்த பிறகுதான். வாலடியைத் தொட்டுப் பாருங்கள். வாலின் இரண்டு பக்கமும் பென்சில் கனத்துக்கு நரம்பு மாதிரி ஒரு தசைநார் விறைப்பாகத் தட்டுப்படும். அது இளகி, தேடினாலும் கைக்குச் சிக்காமல் போனால் பெரும்பாலும் ஒரு நாளைக்குள் குட்டிதான். அப்புறம் ஆடு மந்தையை விட்டு ஒதுங்கும், தரையைக் காலால் பிராண்டும், படுக்கும், எழும், வயிற்றைத் திரும்பிப் பார்த்து மெல்லக் கனைக்கும். இது மணிக்கணக்கில் நடக்கும். இதைப் பார்த்துவிட்டுப் பதறத் தேவையில்லை.

பதற வேண்டிய முக்கியமான இடம் வேறு. ஆடு உடம்பை இறுக்கி முக்க ஆரம்பித்து அரை மணி நேரம் ஆகியும் எதுவும் முன்னேறவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மற்றபடி பனிக்குடத்துக்குப் பின்னால் இரண்டு முன்னங்கால் குளம்பும் அதன் மேல் மூக்கும் தெரிந்தால் சரியாக வருகிறது என்று அர்த்தம். குளம்பின் அடிப்பக்கம் மேலே பார்த்தபடி இருந்தால் அநேகமாகப் பின்னங்கால். இரண்டு பின்னங்காலும் சேர்ந்து வந்தால் ஆடு போட்டுவிடும். ஆனால் பாதியில் தொப்புள்கொடி நசுங்கும் என்பதால் அந்த நேரத்தில் தாமதம் ஆகக் கூடாது. வால் மட்டும் தெரிந்தாலோ, கால் வந்து தலை வராவிட்டாலோ அனுபவசாலி கை வேண்டும். சில காணொளிகளில் காலைப் பிடித்து இழுத்து எடுப்பதைப் பெரிய சாமர்த்தியமாகக் காட்டுகிறார்கள். தானாக வந்திருக்கக்கூடிய குட்டியை இழுத்து, தாயின் உள்ளே கிழித்து வைத்தால் அந்த வேதனையை யார் படுவது?

ஆனால் பிரசவத்தை விட எனக்குப் பயம் அதற்கு அடுத்த இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான். எங்கள் ஆடு ஒன்று மூன்று குட்டி போட்ட இரவில்தான் இது எனக்கு உறைத்தது.

முதல் இரண்டும் அடுத்தடுத்து வந்தன. தாய் இரண்டையும் மாறி மாறி நக்கியது, தொண்டைக்குள்ளேயே ஒரு கனைப்புக் கனைத்தது. குட்டி போடும் நேரத்தில்தான் தாய் ஆட்டிடம் பெரும்பாலும் அந்தச் சத்தம் கேட்கும். குட்டிகளின் குளம்பைக் கவனித்திருக்கிறீர்களா? பிறந்த உடனே அதன் நுனியில் வெளிர் மஞ்சளாக, ரப்பர் மாதிரி மெத்தென்று ஒரு உறை இருக்கும். தாயின் கருப்பையைக் கிழிக்காமல் இருக்க அப்படி. எழுந்து நடக்க ஆரம்பித்ததும் அது தேய்ந்து உதிர்ந்துவிடும். அதைத்தான் டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன், மூன்றாவது வந்து விழுந்தது.

அது மற்றதில் பாதிதான் இருந்தது. தாய்க்கு அதற்குள் காலடியில் இரண்டு குட்டி காம்பைத் தேடி முட்டிக்கொண்டிருந்தன, இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான் மூக்கையும் வாயையும் துடைத்து, உலர்ந்த துணியால் உடம்பைத் தேய்த்தேன். மூச்சு வந்தது, ஆனால் தலை நிற்கவில்லை. வாய்க்குள் விரல் விட்டால் சில்லென்று இருந்தது. உயிரோடு திடமாக இருக்கும் குட்டியின் வாய் வெதுவெதுப்பாக இருக்கும். குட்டியின் இயல்பான உடல்சூடு 39 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும், வெப்பமானியில் இது 37-க்கும் கீழே காட்டியது.

உதவிக்கு வந்தவர்கள் உடனே பாலைப் புகட்டு என்றார்கள். எல்லோருக்கும் அதுதான் தோன்றும், அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் உடம்பு ஜில்லிட்ட குட்டிக்கு வயிறு வேலை செய்யாது, விழுங்கவும் தெம்பு இருக்காது. பால் நுரையீரலுக்குள் போய்விடும். முதலில் சூடு, பிறகுதான் பால். குட்டியைக் கழுத்து வரை ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, தலையை வெளியே பிடித்துக்கொண்டு, கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் இறக்கி வைத்தேன். பை எதற்கு என்றால், தண்ணீர் மேலே பட்டு வாசனை போய்விட்டால் தாய் அதைத் தன் குட்டி என்று ஏற்காது. முதல் ஓரிரு மணி நேரத்தில் மோந்துதான் ஆடு குட்டியை மனதில் பதித்துக்கொள்கிறது. தண்ணீர் ஆற ஆற மாற்றிக்கொண்டே இருந்தோம். வெளிச்சம் வரும் நேரத்தில் அது என் விரலைச் சப்ப ஆரம்பித்தது. அந்த இழுப்பு இப்போதும் விரலில் இருக்கிறது. அதன் பிறகுதான் சீம்பாலைப் பீய்ச்சிப் புகட்டினேன், குட்டியின் வாலருகே தாயின் மூக்கைக் கொண்டுபோய் வைத்தேன். நக்கியது.

சீம்பாலுக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று சிலர் கேட்பார்கள். ஆட்டுக்குட்டிக்குக் கருவில் இருக்கும்போது தாயிடமிருந்து நோய் எதிர்ப்புச் சத்து எதுவும் போய்ச் சேருவதில்லை. வெறும் கையோடு பிறக்கிறது. எல்லாம் சீம்பாலில்தான் வர வேண்டும், அதையும் குடல் அப்படியே உள்ளே விடுவது முதல் ஒரு நாள்தான். அதிலும் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3 கிலோ குட்டிக்குச் சுமார் 300 மில்லி, முதல் 24 மணி நேரத்துக்குள் உள்ளே போயிருக்க வேண்டும். முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் குடிக்கத் தொடங்கிவிட வேண்டும். காம்பு நுனியில் மெழுகு மாதிரி அடைப்பு இருக்கும், இரண்டு பீய்ச்சு பீய்ச்சி எடுத்துவிடுங்கள். குட்டி காம்பைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தாலும் பால் வராமல் இருந்த கதை நிறைய உண்டு.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. அந்த ஆட்டை விற்றவர் "மூன்று மாதச் சினை, இரண்டாவது ஈத்து" என்றார். வாயைத் திறந்து பார்த்தால் இரண்டு நிலைப்பல்தான் போட்டிருந்தது, இரண்டாவது ஈத்துக்கான வயது இல்லை, வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே குட்டியும் போட்டுவிட்டது. சேர்த்த தேதியை ஒருவர் துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுக்க என்ன செலவு? ஈனுவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பு துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய்க்குத் தடுப்பூசி போட்டால் அந்தப் பாதுகாப்பு சீம்பால் வழியாகக் குட்டிக்கும் போகும். தேதி தெரியாததால் அது எங்கள் குட்டிகளுக்குக் கிடைக்கவில்லை. கருவில் குட்டி வளர்வதில் பெரும்பங்கு கடைசி ஆறு முதல் எட்டு வாரத்தில்தான். அந்த நேரத்தில் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியிருக்கலாம், அதுவும் போனது. இரண்டு மூன்று குட்டி சுமக்கும் ஆடு கடைசி மாதத்தில் தீவனத்தை ஒதுக்கிவிட்டு மந்தமாக நின்றால் உயிருக்கே ஆபத்து என்பது விற்பவர்களுக்குத் தெரியாததல்ல. விலை கூட வேண்டும் என்பதற்காக வாயில்லா ஜீவனைப் பற்றிப் பொய் சொல்வதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். குட்டி வந்ததும் தொப்புள்கொடியை அயோடினில் முக்குங்கள். நஞ்சுக்கொடி தொங்கிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், அதுவே விழும். 12 மணி நேரம் தாண்டியும் விழவில்லை என்றால் மருத்துவருக்குச் சொல்லுங்கள். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அந்தப் பக்கமே வர வேண்டாம், நீங்களும் கையுறை போடுங்கள். ஆட்டுக்குக் கரு கலையச் செய்யும் சில கிருமிகள் மனிதருக்கும் தொற்றும்.

மகிழ்ச்சியைப் பற்றிச் சொல்லவே இல்லையே என்று நினைக்காதீர்கள். நாலைந்து நாளில் அந்தக் குட்டிகள் நாலு காலையும் ஒரே நேரத்தில் தூக்கி, பக்கவாட்டில் துள்ளித் தாயின் முதுகில் ஏறி நிற்கும்போது உங்களுக்கே தெரியும். நான் எந்த வேலையாக இருந்தாலும் விட்டுவிட்டு நின்று பார்ப்பேன், ஒவ்வொரு ஈத்துக்கும்.

இரவில் வருவாரா என்று மருத்துவரிடம் இன்றைக்கே கேட்டு வையுங்கள். கிடாவோடு சேர்த்த தேதியையும், வாலடி நரம்பு இன்னும் விறைப்பாக இருக்கிறதா என்பதையும் கருத்தில் எழுதுங்கள், எவ்வளவு நாள் இருக்கும் என்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.