இளஞ்சிவப்புச் சீட்டில் கட்சி இல்லை

வணக்கம் ஐயா,
எனக்கு நீடாமங்கலம் பக்கம், இப்போது ஓசூரில் வேலை. அம்மா மட்டும் ஊரில் இருக்கிறார். உள்ளாட்சி முடிவுகளை வைத்து மக்களவைத் தேர்தலைக் கணிக்க முடியுமா? 2011, 2014 முடிவுகளை ஒப்பிட்டு ஓர் அட்டவணை இணைத்திருக்கிறேன். காங்கிரசும் பாஜகவும் டெல்டாவில் தலையெடுக்குமா?
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உழைத்திருக்கிறீர்கள், அது தெரிகிறது. 2011 அக்டோபரில் அதிமுக உள்ளாட்சியை அள்ளியது, 2014இல் 37 எம்.பி. பிடித்தது, சரி. அதற்கு முந்தியதை ஏன் பார்க்கவில்லை? 1996 அக்டோபரில் ஊரெல்லாம் திமுக. 1998இல் அதிமுக-பாஜக அணிக்கு 39இல் 30. 2001 உள்ளாட்சியில் அதிமுக ஜெயித்தது, 2004இல் ஓர் இடம்கூடத் தேறவில்லை. கோட்டையில் யார் இருக்கிறார்களோ அவர்கள் பக்கம் உள்ளாட்சி பெரும்பாலும் சாயும், அவ்வளவுதான். காங்கிரசா? 2022இல் கும்பகோணம் மாநகராட்சியின் முதல் மேயராக ஆட்டோ ஓட்டிய காங்கிரஸ்காரர் வந்ததில் எனக்கும் சந்தோஷம், ஆனால் அது திமுக விட்டுக்கொடுத்த நாற்காலி. பாஜகவைப் பற்றி நீடாமங்கலம் டீக்கடையில் கேளுங்கள், என்னைவிட விவரமாகச் சொல்வார்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது 2020 ஜனவரி 2, ஊராட்சி ஓட்டு எண்ணிக்கை. சித்தப்பா மகனுக்கு ஏஜென்டாகப் போயிருந்தேன். கிராமத்தில் ஆளுக்கு நாலு சீட்டு. வார்டு மெம்பருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். பெட்டியைக் கொட்டி முதலில் நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். யாரோ நாலையும் வெற்றிலை மாதிரி ஒன்றாக மடித்துப் போட்டிருந்தார்கள். விரித்தால் பச்சையில் உதயசூரியன், மஞ்சளில் இரட்டை இலை, இளஞ்சிவப்பில் பூட்டு சாவி, வெள்ளையில் இரண்டு பேருக்கும் குத்து. வெள்ளையை மட்டும் செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். இரண்டு பேருமே சொந்தக்காரராக இருந்திருப்பார்கள், பாவம், யாரை விடுவது?

இந்த ஓட்டை உங்கள் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? மெம்பர் சீட்டிலும் தலைவர் சீட்டிலும் கட்சிச் சின்னமே கிடையாது. பங்காளிச் சண்டை, தெரு, கோயில் வரவு செலவு, போன வருஷம் யார் வாய்க்காலை வெட்டிவிட்டார், இதெல்லாம்தான் அங்கே ஓட்டு. ஜெயித்த மறுநாள் சால்வையோடு மாவட்டச் செயலாளர் வீட்டு வாசலில் போய் நிற்கிறார் பாருங்கள், அதை எண்ணித்தான் எல்லாக் கட்சியும் இத்தனை ஊராட்சி எங்களுடையது என்கின்றன. நீங்களும் நம்பி அட்டவணை போடுகிறீர்கள்.

2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் நம் கிராமங்களுக்கு வந்தது 2019 டிசம்பரில். நடுவில் மூன்று வருஷம் தலைவர், மெம்பர் யாரும் இல்லாமல் அரசு நியமித்த தனி அலுவலர். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தது, மறுபடி தனி அலுவலர். அப்போதெல்லாம் நீங்கள் கடிதம் எழுதவில்லையே தம்பி. டெல்லியில் யார் என்ற கணக்கு விரல் நுனியில் இருக்கிறது, உங்கள் அம்மா தெருவுக்கு மெம்பராக இருந்தவர் பெயர் தெரியுமா? ராத்திரி தெருவிளக்கு எரியாவிட்டால் உங்கள் அம்மா எம்.பி.யையா கூப்பிடுவார்?

எங்கள் வார்டில் மெம்பராக இருந்த பெண்ணுக்குப் பதவி போய்விட்டது. தொட்டிக்குத் தண்ணீர் ஏறாவிட்டால் தெருக்காரர்கள் இன்னமும் அவருக்குத்தான் போன் போடுகிறார்கள். என்னிடம் ஏன் கேட்கிறீர்கள், பி.டி.ஓ.விடம் கேளுங்கள் என்று கத்திவிட்டு, மோட்டார்காரரைத் தேடிக்கொண்டு அவரே போகிறார்.