நவம்பரா, ஜனவரியா? அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பம்: கேள்வி பதில்

கேள்வி (நியூ ஜெர்சியிலிருந்து ஓர் அப்பா): எர்லி டிசிஷன், எர்லி ஆக்‌ஷன் இரண்டும் ஒன்றுதானே?

பதில்: கடைசித் தேதி கிட்டத்தட்ட ஒன்று, பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15. மற்றபடி பெரிய வித்தியாசம் உண்டு. எர்லி டிசிஷன் என்றால் வாக்குக் கொடுப்பது. ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போட முடியும். இடம் கிடைத்தால் அங்கேயே சேர வேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். மாணவர், பெற்றோர், பள்ளி கவுன்சிலர் (மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகர்) மூவரும் கையெழுத்துப் போடுவார்கள். எர்லி ஆக்‌ஷனில் இந்தக் கட்டு இல்லை. பதில் சீக்கிரம் வந்துவிடும், சேருவதா வேண்டாமா என்று மே 1 வரை யோசிக்கலாம். எம்.ஐ.டி., பர்டூ எல்லாம் இந்த வகை. ரெகுலர் என்ற வழக்கமான சுற்றுக்கு ஜனவரி தொடக்கத்தில் அனுப்பினால் மார்ச் கடைசியில் முடிவு தெரியும்.

கேள்வி (டெக்சாஸிலிருந்து ஓர் அம்மா): எர்லி டிசிஷனில் இடம் கிடைப்பது சுலபம் என்கிறார்களே? எங்களுக்கு நிதியுதவி கட்டாயம் தேவை.

பதில்: உங்கள் கேள்வியின் இரண்டாவது வரிதான் முக்கியமானது, அதற்கு முன் முதல் வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏற்பு விகிதம் அதிகம் என்பது உண்மை. ஆனால் கல்லூரி முன்பே தேர்ந்தெடுத்து வைத்த விளையாட்டு வீரர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். சாதாரண மாணவருக்குக் கிடைக்கும் சலுகை அந்த எண் காட்டுவதைவிடக் குறைவு.

பணத்தைப் பொறுத்தவரை, எர்லி டிசிஷனில் நான்கு கல்லூரிகளின் உதவிக் கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வழியே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், அப்பா சொந்தக் கடை நடத்துகிறார். டிசம்பரில் மகளுக்கு இடம் கிடைத்து வீடே கொண்டாடியது. உதவிக் கடிதத்தைப் பிரித்தால், வருடத்துக்கு அவர்கள் நினைத்ததைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும். மேல்முறையீடு செய்தார்கள், கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள், போதவில்லை. உதவி போதாவிட்டால் வாக்கிலிருந்து விடுவிப்பார்கள், அப்படித்தான் வெளியே வந்தார்கள். ஆனால் அதற்குள் டிசம்பர் 23. சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அந்தப் பெண் எட்டுக் கல்லூரிகளுக்கு ராத்திரி பகலாகக் கட்டுரை எழுதினாள்.

அதனால் இப்போதே ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். போன வருட வரிக் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு, உதவி போக நீங்கள் கட்ட வேண்டியது எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்லும், கல்லூரியின் இணையதளத்தில் உள்ள நெட் பிரைஸ் கால்குலேட்டரை ஓட்டுங்கள். சட்டப்படி அதை வைத்தே ஆக வேண்டும் என்பதால் தேடினால் கிடைத்துவிடும். சொந்தத் தொழில் என்றால் அதன் விடையை அப்படியே நம்பாமல் நிதியுதவி அலுவலகத்துக்கே எழுதிக் கேளுங்கள். அந்தத் தொகை உங்களால் முடியும், மகளுக்கும் அந்தக் கல்லூரிதான் முதல் ஆசை என்றால் தயங்காமல் போடுங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வேண்டாம்.

கேள்வி (கோவை மாணவி, பிளஸ் டூ): இந்தியாவிலிருந்து போடுபவர்களுக்கும் இதே கதைதானா?

பதில்: இன்னும் கவனம் வேண்டும் அம்மா. உதவி கேட்பதைப் பார்க்காமல் வெளிநாட்டு மாணவர்களையும் தேர்வு செய்யும் கல்லூரிகள் மிகக் குறைவு: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில. மற்ற பெரும்பாலான இடங்களில் நீ கேட்கும் தொகையும் முடிவைப் பாதிக்கும். அப்புறம், சிபாரிசுக் கடிதத்தை ஆகஸ்டிலேயே ஆசிரியர்களிடம் கேட்டுவிடு. காலாண்டுத் தேர்வு வந்துவிட்டால் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே அவர்களுக்கு நேரம் இருக்காது.

கேள்வி: ஸ்டான்ஃபோர்டுக்கு, மற்ற இடங்களில் எர்லி போடுவதைக் கட்டுப்படுத்தும் ரெஸ்ட்ரிக்டிவ் எர்லி ஆக்‌ஷன் போட்டால், பர்டூவுக்கும் எர்லி ஆக்‌ஷன் போடலாமா?

பதில்: போடலாம், பர்டூ அரசுப் பல்கலைக்கழகம். இன்னொரு தனியார் கல்லூரிக்கு எர்லி போடுவதைத்தான் பொதுவாகத் தடுக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் இடம் கிடைத்தாலும் சேர வேண்டிய கட்டாயம் இல்லை.

கேள்வி: கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களான பெர்க்லி, யு.சி.எல்.ஏ.வுக்கு?

பதில்: அங்கே எர்லியே கிடையாது. எல்லோருக்கும் ஒரே சுற்று, கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் முடிவு.

கேள்வி: எர்லி டிசிஷனில் மகனை டிஃபர் செய்துவிட்டார்கள். சாப்பிடக்கூட மாட்டேன் என்கிறான்.

பதில்: முதலில் அவனைத் தூங்கவிடுங்கள். டிஃபர் என்றால் மறுப்பு இல்லை, ரெகுலர் மாணவர்களோடு சேர்த்து மறுபடி பார்ப்பார்கள். கொடுத்த வாக்கும் அதோடு முடிந்தது. இரண்டாவது பிடித்த கல்லூரியில் எர்லி டிசிஷன் 2 (அதே வாக்கோடு வரும் இரண்டாவது சுற்று) இருந்தால் ஜனவரியில் அதைப் போடலாம், பணக் கணக்கு மட்டும் மறுபடி பாருங்கள். அரையாண்டு மதிப்பெண் வந்ததும் பள்ளி அனுப்பிவிட்டதா என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். அந்தக் கல்லூரி ஏற்றுக்கொள்ளும் என்றால், நவம்பருக்குப் பிறகு புதிதாகச் செய்ததைச் சொல்லி அவனே ஒரு பக்கக் கடிதம் எழுதட்டும். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள்.