ஊசியே பிடித்துப் பழகாதவர் நேராகக் காலுறை பின்னக் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன், அதுவும் வருடம் முழுக்க வியர்க்கும் பினாங்கில். இங்கே எதற்குக் கம்பளிக் காலுறை என்று பலரும் கேட்பார்கள். அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ஏர்கோன் அறையில் அசையாமல் படுத்திருக்க வேண்டும், பாதம் ஐஸ் மாதிரி ஆகிவிடும். கடை சாக்ஸின் ரப்பர் வீங்கிய காலில் சிவப்புக் கோடு போட்டுவிடும், விரல் பக்கத்துத் தையல் வேறு உறுத்தும். கையால் பின்னினால் ரப்பரும் வேண்டாம், தையல் மேடும் இருக்காது. அதற்காகத்தான் ஊசியை எடுத்தேன்.

முதல் வாரம் சாக்ஸை மறந்துவிட்டு, தடித்த நூலில் கைக்குட்டை அளவுக்கு ஒரு துண்டு பின்னுங்கள். நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்களும் கைக்குப் பழகினால் போதும். ஸ்கார்ஃப், ஸ்வெட்டர் என்று படிப்படியாக ஏறி வரத் தேவையே இல்லை.

நூலில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நான் ஏறி இறங்கிய ஜார்ஜ்டவுன் கடைகளில் குரோஷேக்கான பஞ்சு நூலும் அக்ரிலிக்கும்தான் இருந்தன. பஞ்சு நூல் இழுத்தால் திரும்பிச் சுருங்காது, சாக்ஸ் தொளதொளவென்று கணுக்காலுக்கு இறங்கிவிடும். 75 விழுக்காடு கம்பளி, 25 விழுக்காடு நைலான் கலந்த நூலை இணையத்தில் வாங்கினேன். 100 கிராம் பந்தில் ஏறக்குறைய 400 மீட்டர் இருக்கும், ஒரு ஜோடிக்குப் போதும். நைலான் கலந்திருப்பதால் குதிகால் சீக்கிரம் தேயாது. ஊசி 2.5 மில்லிமீட்டர், இரண்டு முனையும் கூராக இருக்கும் ஐந்து ஊசி செட், மூங்கிலில் வாங்குங்கள். உலோக ஊசி வழுக்கும், புதிய கைக்கு, ஊசியில் நிற்கும் நூல் வளையங்களான கண்ணிகள் கழன்று விழுந்துகொண்டே இருக்கும்.

அப்பாவின் பாதச் சுற்றளவு 9 அங்குலம். அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால்தான் காலோடு ஒட்டி நிற்கும், அதனால் 8 அங்குலம் என்று வைத்துக்கொண்டேன். என் கைக்கு அங்குலத்துக்கு 8 கண்ணி வந்தது, ஆக 64. வீக்கம் உள்ளவர்களுக்கு அளவை மாலையில் எடுங்கள். சாக்ஸை மேல் விளிம்பில் தொடங்கி, கண்ணிகளை நான்கு ஊசிகளில் பிரித்து வைத்து, ஐந்தாவது ஊசியால் வட்டமாகப் பின்னிக் குதிகால் வரை இறங்க வேண்டும். முதல் கண்ணிகளைத் தளர்வாக ஏற்றுங்கள். நான் இறுக்கி ஏற்றியதால் முதல் சாக்ஸ் குதிகாலைத் தாண்டவில்லை, முழுக்கப் பிரித்தேன். ஊசி மாறும் இடத்தில் மட்டும் நூலைக் கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கள், இல்லாவிட்டால் அங்கே ஏணி மாதிரி இடைவெளி விழும்.

எல்லோரும் பயப்படுவது குதிகாலுக்குத்தான். நானும் இரண்டு வாரம் தள்ளிப் போட்டேன். உண்மையில் சாக்ஸிலேயே அழகான இடம் அதுதான். 64இல் பாதி, 32 கண்ணியை மட்டும் முன்னும் பின்னுமாக 32 வரிசை பின்னினால் ஒரு சதுர மடல் தொங்கும். அப்புறம் வரிசையை முடிக்காமல் நடுவைக் கொஞ்சம் தாண்டியதும் இரண்டு கண்ணியைச் சேர்த்து, இன்னொன்று பின்னி, பாதியிலேயே திரும்ப வேண்டும். ஏதோ தப்பு செய்கிறோம் என்றே தோன்றும். திரும்பி வரும்போதும் அதே மாதிரி. திரும்பிய இடத்தில் சின்ன இடைவெளி தெரியும், அதன் இரு பக்கத்துக் கண்ணிகளையும்தான் அடுத்த முறை சேர்க்க வேண்டும், எண்ணவே வேண்டியதில்லை, கண்ணுக்கே தெரியும். 32 குறைந்து 18 ஆகும்போது தட்டையாக இருந்த துணி கைக்குள் கிண்ணம் மாதிரி குவிந்து நிற்கும். இரவு பதினொரு மணிக்கு அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

பிறகு மடலின் ஓரங்களில் பக்கத்துக்கு 17 கண்ணி எடுத்தால், பின்னாமல் விட்டிருந்த மற்ற 32ஐயும் சேர்த்து மொத்தம் 84. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று இரண்டிரண்டாகக் குறைத்து மறுபடி 64க்கு வாருங்கள். அதன் பின் பாதம் நேர் ஓட்டம். விரல் நுனிக்கு 5 சென்டிமீட்டர் இருக்கும்போது குறைக்கத் தொடங்கி, கடைசிக் கண்ணிகளைத் தையல் ஊசியால் எதிரெதிராகக் கோத்துவிடுங்கள். இதற்குக் கிச்சனர் முறை என்று பெயர், காணொளியைப் பார்த்துச் செய்வதே நல்லது.

இரண்டாவது சாக்ஸுக்கு அன்று இரவே கண்ணி ஏற்றிவிடுங்கள், ஒரு வாரம் விட்டால் கையின் இறுக்கம் மாறி இரண்டும் வேறு வேறு அளவில் வரும். வயதானவர்களுக்குப் பின்னுகிறீர்கள் என்றால் இன்னொன்று: டைல்ஸ் தரையில் இது வழுக்கும். அப்பாவுக்குப் படுக்கையில் ஏறிய பிறகுதான் மாட்டிவிடுகிறேன், இறங்கும் முன் கழற்றிவிடுகிறேன்.