பினாங்கில் பழைய பிலிம் கேமரா வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

லோரோங் கூலிட் சந்தையில் ஒலிம்பஸ் ட்ரிப் 35 ஒன்றைப் பார்த்ததாகவும், வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் விலை பேசும் முன் லென்ஸைப் பாருங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றில் பழைய கேமராவுக்கு முதல் எதிரி பூஞ்சைதான். கைபேசி டார்ச்சை லென்ஸ் மேல் அடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். நாள்பட்ட பூஞ்சை கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது.

இந்தக் கேமராவுக்கு பேட்டரி கிடையாது. லென்ஸைச் சுற்றியுள்ள செலினியம் வளையம்தான் வெளிச்சத்தை அளக்கிறது. அது வேலை செய்கிறதா என்று பார்க்க, லென்ஸ் வளையத்தை 'ஏ' (தானியங்கி) குறியில் வைத்து, பிலிமை நகர்த்தப் பின்னால் உள்ள சக்கரத்தைச் சுற்றி, லென்ஸைக் கையால் மூடிப் பொத்தானை அழுத்துங்கள். கண் வைத்துப் பார்க்கும் துளைக்குள் சிவப்புக் கொடி எழும்ப வேண்டும், படம் எடுக்கக் கூடாது. அப்புறம் கையை எடுத்து வெயிலில் அழுத்தினால் 'டிக்' கேட்க வேண்டும். பின்மூடி ஓரத்துக் கறுப்பு நுரை பிசுபிசுத்தால் கவலை வேண்டாம், மாற்றிவிடலாம்.

எங்கள் வீட்டில் தைப்பூசத்துக்கு ஒரே ரோல், 36 படம். தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறி முடியும்வரை அப்பா எண்ணி எண்ணித்தான் எடுப்பார். அந்தக் கேமராவைத் தோல் உறையோடு அலமாரியில் வைத்துப் பூஞ்சைக்குக் கொடுத்துவிட்டோம். இன்றும் மனசு கேட்கவில்லை. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நீங்கள் உறையைக் கழற்றிவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள்.